சங்கக் கணினியின் மூன்றாவது சாவி

கூட்டுறவுச் சங்கங்களின் இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவிகள் உண்டென்பது அங்கத்தினர்கள் யாவரும் அறிந்த விஷயம். ஒன்று காரியதரிசியின் வசம் இருக்கும். மற்றொன்று வேறொரு பொறுப்பாளரின் வசம் இருக்கும். இருவரும் ஒருங்கே வந்து நின்றாலன்றிப் பெட்டி திறவாது. அடகு வைத்த நகையாயினும் அன்றாட ரொக்கமாயினும் ஒருவருடைய கை மட்டும் அதன்மேல் படலாகாது என்பதே இந்த ஏற்பாட்டின் கருத்து. ஒருவரை மற்றவர் சந்தேகிப்பதற்காக ஏற்பட்டதன்று இது. நாளைக்கு ஒரு குறை நேருமாயின், நேர்மையான மனிதர்மேல் வீண்பழி வந்து சேராதிருக்கும் பொருட்டு ஏற்பட்டது.

இப்பொழுது பல சங்கங்களில் மூன்றாவது சாவி ஒன்று உண்டாகியிருக்கிறது. அது இரும்பாலானதன்று. ஒன்பது அல்லது பத்து இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணும், அதனோடு சேர்ந்த ஒரு கடவுச்சொல்லுமே அந்தச் சாவி. அதைக் கையில் வைத்திருப்பவர் சென்னையிலோ கோவையிலோ இருந்தபடியே நம் சங்கத்துக் கணினியைத் திறந்து, நம் கணக்கைப் பார்க்கலாம், எழுதலாம், அழிக்கவும் செய்யலாம். ‘ரிமோட் டெஸ்க்டாப்’ என்று வழங்கும் இந்தத் தொலைக்கணினி இணைப்பு மிக்க பயனுடையது. ஆயினும், அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் உடனே பதில் சொல்லக்கூடிய சங்கங்கள், நாம் பார்த்த அளவில், மிகச் சிலவே. ஆகையால் அந்த ஏற்பாட்டைப் பற்றி அங்கத்தினர்களுக்கு விளங்கும்படி எழுதுவது நம் கடமையென்று கருதுகிறோம்.

கணக்கு குடிபெயர்ந்த கதை

நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கென்று 1904ஆம் ஆண்டில் சட்டம் ஏற்பட்டது. அதே ஆண்டில் திரூரில் விவசாயக் கடன் சங்கம் தொடங்கப்பெற்றது. அன்று முதல் நெடுங்காலம் வரையில் நாட்குறிப்பும், பேரேடும், ரொக்கப் புத்தகமும், இருப்பு ரிஜிஸ்தரும் தாளிலேயே இருந்தன. மையில் எழுதிய எழுத்துக்கு ஒரு முகம் உண்டு. இது இன்னாருடைய கையெழுத்து என்று பார்த்தவுடன் சொல்லலாம். திருத்தம் செய்தால் திருத்தின தடம் தெரியும். பக்கத்தில் சுருக்கொப்பம் இல்லாவிட்டால் தணிக்கையாளர் கேள்வி கேட்பார்.

2022 ஜூன் 29ஆம் தேதி, நாட்டிலுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை ஒப்புதல் அளித்தது. 2,516 கோடி ரூபாய் மதிப்பீட்டில் வகுக்கப்பட்ட அத்திட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு நபார்டு வங்கியிடம் தரப்பட்டது. நாடு முழுவதற்கும் ஒரே பொது மென்பொருள் என்பது அதன் முக்கிய அம்சம். நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பு, பாவு வழங்கல், சேலை வரவு, கூலிப் பட்டுவாடா முதலியன பல இடங்களில் கணினிக்கு வந்துவிட்டன. கணினியில் எழுதிய எழுத்துக்குக் கையெழுத்தின் முகம் கிடையாது. யாருடைய பெயரில் கணினி திறந்திருந்ததோ, அவர் எழுதியதாகவே அது குறித்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறோம்.

இது என்ன ஏற்பாடு?

வயலில் உள்ள பம்ப்செட்டை வீட்டிலிருந்தபடியே கைப்பேசியால் ஓட்டும் விவசாயிகள் இன்று அநேகர். மோட்டார் இருப்பது வயலில். தண்ணீர் பாய்வதும் வயலில். கட்டளை மட்டுமே வீட்டிலிருந்து போகிறது. தொலைக்கணினி இணைப்பும் அவ்வாறானதே. வேலை நடப்பது சங்கத்துக் கணினியில். கோப்புகள் இருப்பதும் அங்கேதான். தொலைவிலிருப்பவரின் விசைப்பலகையில் தட்டியதும், சுட்டியை நகர்த்தியதும் கட்டளைகளாக இங்கு வருகின்றன. பம்ப்செட்டுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை ஒன்றே. பம்ப்செட் ஓடுவதை வீட்டிலிருந்து கண்ணால் பார்ப்பதில்லை. இங்கோ சங்கக் கணினியின் திரையில் தெரிவதெல்லாம் அப்படியே தொலைவிலுள்ள திரையிலும் தெரிகிறது.

திரையிலுள்ள படம் முழுவதையும் இடைவிடாமல் அனுப்புவதென்றால் சிற்றூர் இணையம் தாங்காது. ஆகையால் திரையைச் சிறுசிறு கட்டங்களாகப் பாவித்து, எந்தக் கட்டத்தில் மாறுதல் நேர்ந்ததோ அதை மட்டும் சுருக்கி அனுப்புகிறார்கள். பேரேட்டில் ஒரு தொகையைத் தட்டினால், அந்தத் தொகை இருக்கும் சிறு பகுதி மட்டுமே பயணம் செய்கிறது. கணக்கு வேலை மெதுவான இணையத்திலும் ஓரளவு நடப்பதும், அதே இணைப்பில் சலனப்படம் ஓடவிட்டால் திக்கித் திணறுவதும் இதனாலேதான்.

இணைப்பு அமைய வேண்டுமாயின் சங்கக் கணினி விழித்திருக்க வேண்டும். மின்சாரம் நின்றாலும், கணினி உறக்க நிலைக்குப் போனாலும், இணையம் அறுந்தாலும் தொலைவிலிருப்பவர் வெளியே நின்றுவிடுவார். இது குறையென்று தோன்றலாம். ஆபத்து வேளையில் இதுவே காவல் என்பதைப் பின்னர்க் காண்போம்.

வந்த வழி

இந்தக் கருத்து புதிதன்று. 1968 டிசம்பர் 9ஆம் தேதி அமெரிக்காவில் ஸான்பிரான்சிஸ்கோ நகரத்து மண்டபம் ஒன்றில், டக்ளஸ் எங்கல்பர்ட் என்னும் விஞ்ஞானி ஒரு செயல்விளக்கம் காட்டினார். அவர் இயக்கிய கணினி அந்த மண்டபத்தில் இல்லை. ஏறத்தாழ 30 மைல் தொலைவில் மென்லோ பார்க் என்னுமிடத்தில் இருந்த ஆராய்ச்சிச்சாலையில் இருந்தது. அங்கிருந்த சகாவும் மேடையிலிருந்த அவரும் ஒரே எழுத்தை ஒரே திரையில் பார்த்துக்கொண்டு வேலை செய்ததைச் சபையோர் கண்டு வியந்தனர். கணினிச் சுட்டியைப் பொதுமக்கள் முன்னிலையில் காட்டியதும் அன்றைக்கே.

பின்னர், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆலிவெட்டி ஆராய்ச்சிக்கூடத்தார் ‘வி.என்.சி.’ என்னும் மென்பொருளை உருவாக்கி, 1998இல் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி மூலநிரலுடன் வெளியிட்டனர். அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் கம்பெனி பெரிய கணினிகளுக்கான விண்டோஸ் பதிப்பில் இவ்வசதியை வைத்தது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யின் தொழில்முறைப் பதிப்பு அதை மேசைக் கணினிக்கும் கொண்டு வந்தது. ஜெர்மனியில் 2005இல் ‘டீம்வியூவர்’ மென்பொருள் பிறந்தது. அந்நாட்டு ஸ்டுட்கார்ட் நகரில் 2014இல் ‘எனிடெஸ்க்’ கம்பெனி தொடங்கிற்று. 2020இல் கொள்ளைநோய் பரவி ஊரடங்கு வந்தபொழுது, அலுவலகத்துக்குப் போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்ய இம்மென்பொருள்கள் துணை நின்றன. அதன் பிறகு இவை சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்தன.

இரு வகைகள்

இவற்றை இரு வகையாகப் பிரித்துப் புரிந்துகொள்வது நல்லது.

முதல் வகை, நேரே கதவைத் தட்டி நுழைவது. விண்டோஸ் இயங்குதளத்திலேயே அமைந்துள்ள ரிமோட் டெஸ்க்டாப் இவ்வகையைச் சேர்ந்தது. கணினியின் முகவரியும், அதில் கணக்குள்ள ஒருவரின் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தால் நுழையலாம். விண்டோஸ் ‘ஹோம்’ பதிப்புள்ள கணினியிலிருந்து பிற கணினிக்குப் போகலாமேயன்றி, அதற்குள் இவ்வழியாக வர இயலாது. ‘புரோ’ பதிப்பு இருந்தால்தான் வரலாம். தொலைவிலிருப்பவர் நுழைந்தவுடன் இங்குள்ள திரை பூட்டிக்கொள்ளும். அவர் செய்வது எதிரில் அமர்ந்திருப்பவருக்குத் தெரியாது.

இரண்டாவது வகை, நடுவர் ஒருவர் மூலமாகச் சந்திப்பது. சங்கத்தில் உள்ள ரவுட்டர், வெளியிலிருந்து தானாக வந்து தட்டுபவரை உள்ளே விடுவதில்லை. உள்ளிருந்து வெளியே போய் வருவதை மட்டும் அனுமதிக்கும். ஆகையால் இரு கணினிகளும் கம்பெனியின் பொதுக் கணினியை நாடிப் போகின்றன. அது இரண்டையும் சேர்த்து வைக்கிறது. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வழி தெரியாத இருவர் சந்தையில் சந்தித்துக்கொள்வதைப் போன்றது இது. எனிடெஸ்க், டீம்வியூவர் ஆகியவற்றில் காணும் எண், அந்தச் சந்தையில் நம்மை அடையாளம் காண்பதற்கானது. இவ்வகையில் சாதாரணமாக இரு திரைகளிலும் ஒரே காட்சி தெரியும். எதிரில் இருப்பவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். வேண்டாமென்றால் அக்கணமே துண்டிக்கலாம்.

சங்கத்துக்கு வெளியார் உதவ வரும்போது இரண்டாவது வகையே தகுந்தது என்பது நம் அபிப்பிராயம். கண்ணுக்குத் தெரிந்து நடக்கும் வேலைக்கும் தெரியாமல் நடக்கும் வேலைக்கும் உள்ள வேற்றுமையைச் சொல்லவும் வேண்டுமோ? விண்டோஸ் 10, 11 பதிப்புகளுடன் ‘குயிக் அசிஸ்ட்’ என்னும் உதவி வழியும் கிடைக்கிறது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு குறியீடு பெற்று, சிறிது நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டிய ஏற்பாடு அது. எனிடெஸ்க், டீம்வியூவர் ஆகிய இரண்டும் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே இலவசம் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். சங்கம் ஒரு ஸ்தாபனம். அதன் வேலைக்குப் பயன்படுத்துவதானால் உரிமம் பெறுவதே முறை. அல்லது உதவி செய்யும் மென்பொருள் நிறுவனத்தார் தங்கள் உரிமத்தின் கீழ் இணைப்பை ஏற்படுத்த வேண்டும்.

சங்கங்களுக்கு விளையும் நன்மை

மாதக் கடைசி நாள். கூலிப் பட்டியல் அச்சாகவில்லை. நெசவாளர்கள் வாசலில் காத்திருக்கிறார்கள். பொறியாளர் நாற்பது மைலுக்கு அப்பால் இருக்கிறார். பழைய முறைப்படி அவர் பஸ் ஏறி வந்து சேர ஒரு நாள் செல்லும். வந்து பார்த்தால், அச்சுப்பொறியைத் தேர்ந்தெடுத்ததில் இருந்த சிறு பிழை ஐந்து நிமிடத்தில் சரியாகும். அவருடைய போக்குவரத்துச் செலவு சங்கத்தின் தலையில். நெசவாளிக்கோ அன்றைக்கு உலை வைக்க வேண்டிய கூலி ஒரு நாள் தள்ளிப் போகும். தொலைக்கணினி இணைப்பு இருந்தால் பத்து நிமிடத்தில் பட்டியல் அச்சாகும்.

புதிய எழுத்தருக்கு மென்பொருளைக் கற்பிக்கவும் இது ஏற்றது. தொலைபேசியில், ‘மேலே வலது பக்கத்தில் பாருங்கள்’ என்று அரை மணி நேரம் சொல்வதைவிட, திரையிலேயே சுட்டிக் காட்டுவது எளிது.

இங்கு ஒரு சந்தேகம் எழலாம். பொது மென்பொருளில் கணக்கு விவரங்கள் சங்கக் கணினியில் இராமல் இணையத்தின் வழியாக மத்திய இடத்தில் அல்லவா சேமிக்கப்படுகின்றன. அப்படியிருக்க, சங்கக் கணினிக்குள் ஒருவர் நுழைவதால் கணக்குக்கு என்ன வந்துவிடும் என்று சிலர் கேட்கிறார்கள். காரியதரிசி தம் பெயரில் மென்பொருளைத் திறந்து வைத்திருக்கும் பொழுது ஒருவர் அந்தத் திரைக்குள் வந்தால், அவர் செய்வதெல்லாம் காரியதரிசி செய்ததாகவே மத்திய இடத்திலும் பதிவாகும். கணக்கு எங்கே இருந்தாலும், அதற்கு வாசல் இந்தத் திரைதான்.

ஒரு நெசவாளர் சங்கத்தில் நடந்தது

நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் நேர்ந்ததை, ஊரும் பேரும் சொல்லாமல் இங்கு எழுதுகிறோம். சேலை இருப்பை எண்ணியபொழுது, கணினிக் கணக்கைவிட இரண்டு பட்டுச் சேலைகள் குறைந்தன. தேடிப் பார்த்ததில், ஒரு நெசவாளர் இரண்டு சேலைகளைச் சங்கத்தில் சேர்த்ததாகவும், அதற்குரிய கூலி அவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டதாகவும் ஒரு பதிவு இருந்தது. அந்த நெசவாளரோ அன்று தாம் சங்கத்துக்கே வரவில்லையென்றார். அவருடைய பாஸ் புத்தகத்திலும் அந்த வரவு காணப்படவில்லை. பதிவு, எழுத்தர் அம்மாளின் பெயரில் இருந்தது.

சேலையை எடுத்துவிட்டார் என்றனர் சிலர். கூலியைத் தாமே பெறுவதற்காகப் பொய்ப் பதிவு எழுதினார் என்றனர் வேறு சிலர். பதினான்கு ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தவர் அவர். விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுக்கப்பட்டது. அந்தப் பதிவு தம்முடையதன்று என்பதைத் தவிர அவரால் வேறொன்றும் சொல்ல முடியவில்லை. சங்கத்து வாசலில் எதிர்ப்பட்டவர்கள் அவரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

பதிவு நேர்ந்த நேரத்தைப் பார்த்தோம்: பகல் 1 மணி 42 நிமிடம். அன்று அந்நேரத்தில் எழுத்தர் அம்மாள் சங்கப் பணத்தைச் செலுத்த வங்கிக்குப் போயிருந்தார்; வங்கிச் சலான் அதற்குச் சாட்சி. காலையில் மென்பொருள் பொறியாளர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டபடி, மென்பொருளைத் திறந்தபடியே வைத்துவிட்டுச் சென்றிருந்தார். இணைப்பு மென்பொருள் தனக்குள்ளே வைத்திருக்கும் வருகைப் பதிவைத் திறந்து பார்த்தபொழுது, 1 மணி 31 நிமிடத்துக்கு வெளியிலிருந்து ஒரு வருகை குறிக்கப்பட்டிருந்தது. எதிரில் இருந்தவர் சம்மதித்து அனுமதித்த வருகை அன்று. கடவுச்சொல்லால் தானே திறந்துகொண்ட வருகை என்பதும் அதில் தெளிவாக இருந்தது. எவரும் இல்லாத நேரத்திலும் நுழையும் வண்ணம் நிரந்தரக் கடவுச்சொல் ஒன்றை முன்பு எப்பொழுதோ அமைத்திருந்தார்கள். அது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதப்பட்டுத் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டும் இருந்தது.

பொறியாளரைக் கேட்டோம். கூலிக் கணக்கீடு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சோதனைப் பதிவு ஒன்று போட்டதாகவும், அதை நீக்க மறந்ததாகவும் அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இரண்டு சேலைகள் ஒருபோதும் நெய்யப்படவே இல்லை. எழுத்தர் அம்மாள்மேல் குற்றமில்லையென்று நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றிற்று. ஆனால் இருப்புக் குறைந்த நாளுக்கும் தீர்மானம் வந்த நாளுக்கும் இடையில் ஐந்து வாரங்கள் கழிந்தன. அந்த ஐந்து வாரங்களை எந்தத் தீர்மானமும் அவருக்குத் திருப்பித் தர இயலாது.

வெளியார் வரும் வழிகள்

மேலே சொன்னது நல்ல மனிதரின் மறதியால் வந்தது. கெட்ட எண்ணத்தோடு வருபவரின் வழி வேறு. 2019 பிப்ரவரியில், எனிடெஸ்க் போன்ற செயலிகளை மக்களின் கைப்பேசியில் நிறுவச் செய்து பணம் பறிக்கும் மோசடியைக் குறித்து ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்தது. முறை இதுதான்: வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைப்பார், கணக்கு முடங்கப் போகிறது என்று அச்சுறுத்துவார், அல்லது பணம் திரும்ப வரப் போகிறது என்று ஆசை காட்டுவார். செயலியை நிறுவச் சொல்லி, அதில் தோன்றும் ஒன்பது இலக்க எண்ணைக் கேட்பார். எண்ணைச் சொல்லி, கேட்கும் அனுமதிகளையும் கொடுத்துவிட்டால், நம் திரை அவருக்குத் திரை. வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணையும் அவரே படித்துக்கொள்வார். மென்பொருளில் கோளாறு எதுவுமில்லை. சாவியை நாமே கொடுத்துவிடுகிறோம்.

இம்மென்பொருள்களில் செய்திகள் பிறர் படிக்க இயலாதபடி மறைகுறியாக்கம் செய்யப்பட்டே பயணம் செய்கின்றன. ஆகவே ஆபத்து பெரும்பாலும் நடுவழியில் இல்லை. இரு முனைகளில் இருக்கிறது. நடுவராக நிற்கும் கம்பெனியும் தாக்குதலுக்கு அப்பாற்பட்டதன்று. 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் கம்பெனியே தன் அமைப்புகளில் அத்துமீறல் நேர்ந்ததை அறிவித்து, புதிய பதிப்பைப் பயன்படுத்துமாறும் கடவுச்சொற்களை மாற்றுமாறும் கேட்டுக்கொண்டது.

முதல் வகை இணைப்பில் வேறோர் அபாயம் உண்டு. விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாக 3389 என்னும் எண்ணுள்ள வாயிலில் காத்திருக்கும். வசதியை உத்தேசித்துச் சிலர் ரவுட்டரில் அந்த வாயிலை உலகத்துக்கே திறந்து வைத்துவிடுகிறார்கள். அத்தகைய வாயில்களைத் தேடித் திரிவதற்கென்றே நிரல்கள் உண்டு. அவை இரவு பகலாகக் கடவுச்சொற்களை ஊகித்துத் தட்டிக்கொண்டிருக்கும். நுழைந்தவர் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது இக்காலத்துக் கொள்ளை. 2019 மே மாதத்தில், கடவுச்சொல்லே இல்லாமல் இவ்வழியாக நுழையத்தக்க பெருங்குறை ஒன்று பழைய விண்டோஸ் பதிப்புகளில் கண்டுபிடிக்கப்பட்டது. ‘புளூகீப்’ என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. ஆதரவு நிறுத்தப்பட்டிருந்த எக்ஸ்.பி. பதிப்புக்குக்கூட மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டதிலிருந்தே அதன் கடுமை விளங்கும். விண்டோஸ் 10 பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கணினிகளை வைத்திருக்கும் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சட்டமும் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரியவர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவதைத் தவறாக வகுக்கிறது. அதையே நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால், 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் அனுமதி கொடுத்தோமா இல்லையா என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லாத சங்கம், சட்டத்தை நாடும்போது கையை விரித்து நிற்க வேண்டியதுதான்.

செய்யத்தக்கவை

நாம் கூறும் யோசனைகள் செலவு மிகுந்தவையல்ல. பெரும்பாலானவற்றுக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் சற்றுக் கவனமும் போதும்.

1. எந்த மென்பொருளால், எந்த நிறுவனத்தார், எந்த வேலைக்காகச் சங்கக் கணினிக்குள் வரலாம் என்பதை நிர்வாகக் குழு தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும். தீர்மானத்தில் இல்லாத இணைப்பு மென்பொருள் கணினியில் இருந்தால் நீக்கிவிட வேண்டும்.

2. எவரும் இல்லாதபொழுது திறக்கும் நிரந்தரக் கடவுச்சொல் கூடாது. ஒவ்வொரு தடவையும் சங்கத்தில் இருப்பவர் ‘அனுமதி’ என்று அழுத்திய பிறகே இணைப்பு அமைய வேண்டும்.

3. இணைப்பு நடக்கும் நேரம் முழுதும் இரண்டு பேர் திரையைப் பார்த்திருப்பது நன்று. ஒருவராவது கட்டாயம் இருக்க வேண்டும்.

4. ‘தொலை இணைப்பு ரிஜிஸ்தர்’ ஒன்று வைக்க வேண்டும். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வந்தவர் பெயர், செய்த வேலை, உடனிருந்தவர் கையொப்பம் என ஆறு பத்திகள் போதும்.

5. பொறியாளருக்கு மென்பொருளில் தனிப் பெயர் கொடுக்க வேண்டும். காரியதரிசியின் பெயரிலோ எழுத்தரின் பெயரிலோ அவர் வேலை செய்யலாகாது. சோதனை செய்வதற்கு மெய்யான கணக்கைத் தொடாமல் சோதனைக் கணக்கையே பயன்படுத்தச் சொல்ல வேண்டும்.

6. இணைப்புக்கு முன்பு வங்கித் தளத்தை மூடிவிட வேண்டும். சங்கக் கணினியிலேயே வைத்திருக்கும் கணக்குக்கு ஒரு நகல் எடுத்து, கணினியிலிருந்து கழற்றித் தனியே வைக்க வேண்டும்.

7. தலைமையிடத்திலிருந்து விற்பனை நிலையக் கணினிக்குப் போக விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் வேண்டியிருந்தால், 3389ஆம் வாயிலைப் பொது இணையத்துக்குத் திறக்காமல், ‘வி.பி.என்.’ என்னும் தனிவழியை விஷயம் தெரிந்தவரைக் கொண்டு அமைக்க வேண்டும்.

8. சந்தேகம் தோன்றினால் விவாதம் வேண்டாம். இணையக் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள், வை-பையை அணையுங்கள். இணையம் அறுந்தால் அவர் வெளியேதான். பணம் போயிருந்தால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி செய்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்ய வேண்டுமென்றால் இணைப்பினால் லாபம் என்ன, பொறியாளர் நேரில் வருவதைப் போலத்தானே ஆகிறது என்று காரியதரிசி ஒருவர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. நம் பதில் இது: மிச்சமாவது பொறியாளரின் பிரயாணம், நம்முடைய கண்காணிப்பு அன்று. அவர் நேரில் வந்தால் இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு நாம் சாப்பிடப் போவோமா? இரண்டு மணி நேர பஸ் பிரயாணம் மிச்சமாகும் இடத்தில் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பெரிய பாரமன்று.

அங்கத்தினர் கடமை

இது காரியதரிசிக்கும் எழுத்தருக்கும் மட்டும் உரிய விஷயமென்று அங்கத்தினர்கள் ஒதுங்கிவிடலாகாது. சங்கத்தின் பணம் அவர்களுடையது; கணக்கும் அவர்களுடையது. கணினியில் நமக்கு ஒன்றும் தெரியாதே என்று தயங்க வேண்டாம். சைஸிங் இயந்திரம் எப்படி ஓடுகிறதென்று தெரியாத நெசவாளியும் பாவின் இழைகளை எண்ணிப் பார்த்துத்தானே வாங்குகிறார்? உர மூட்டை எந்த ஆலையில் எப்படித் தயாராகிறதென்று அறியாத விவசாயியும் எடையைச் சரிபார்க்கிறார். அதைப் போலவே, அடுத்த பொதுச் சபைக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுந்து கேட்கலாம்: நம் சங்கக் கணினிக்குள் வெளியிலிருந்து வர யாருக்கு அனுமதி உண்டு? நிரந்தரக் கடவுச்சொல் ஏதேனும் வைக்கப்பட்டிருக்கிறதா? தொலை இணைப்பு ரிஜிஸ்தர் எங்கே?

பாஸ் புத்தகத்தில் வரவு செலவு எழுதச் சொல்லி அப்போதைக்கப்போது வாங்கிப் பார்ப்பதும் அங்கத்தினர் கையில் உள்ள நல்ல காவல். மேற்சொன்ன சங்கத்தில் நெசவாளரின் பாஸ் புத்தகமும் வங்கிச் சலானும் இல்லாதிருந்தால், அந்த எழுத்தர் அம்மாளின் சொல்லைத் தவிர வேறு சாட்சி இராது. தங்கள் கைப்பேசியில் எவர் சொல்லியும் இணைப்புச் செயலியை நிறுவாதிருப்பதையும், வீட்டிலுள்ள முதியோருக்கு இதை எடுத்துச் சொல்வதையும் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் கடமையாகக் கொள்ள வேண்டும்.

தூரத்திலிருந்து உதவி பெறும் வசதியை வேண்டாமென்று தள்ளுவது புத்திசாலித்தனமன்று. கூலிப் பட்டியல் உரிய நாளில் அச்சாக வேண்டும். கடன் மனு தாமதியாமல் மேலே போக வேண்டும். இரும்புப் பெட்டிக்கு வகுத்த ஒழுங்கை இந்த மூன்றாவது சாவிக்கும் வகுத்துவிட்டால், வசதியும் நிலைக்கும். சங்கத்தில் பாடுபடும் நேர்மையான ஊழியரின் நற்பெயரும் காக்கப்படும். வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதற்கான தீர்மானத்தை எடுத்துக்கொள்ளுமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.